ஃபெயிலுக்குச் சாட்சி

வேலம்பாளையத்தில் மயில்சாமி வீடு எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. பி.ஏ. மயில்சாமி வீடு என்றால் சின்னக் குழந்தைகூட வழி காட்டும். பனியன் கம்பெனியில் அவர் லைன் சூப்பர்வைசர். அங்கே வேலை செய்யும் பீகார்ப் பையன்கள் பி.ஏ. என்பதுதான் அவர் பெயர் என்று நம்பி, "பியே பாய்" என்று கூப்பிட்டார்கள். அவரும் திருத்தவில்லை. திருத்துகிற சுபாவம் அவருக்கு என்றைக்குமே கிடையாது.

உண்மையில் அவர் பி.ஏ. பாஸ் செய்யவில்லை. தபால் வழியில் படித்தார், பரீட்சையும் எழுதினார். ரிசல்ட் வருவதற்குள் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் இரண்டு எழுத்து இல்லாவிட்டால் பத்திரிகை மொட்டையாக இருக்கிறது என்று மாமனார் பி.ஏ. சேர்த்து அடித்துவிட்டார். எப்படியும் பாஸாகத்தானே போகிறோம் என்று இவரும் சும்மா இருந்தார். கல்யாண விருந்து செரிப்பதற்குள் ரிசல்ட் வந்தது. மூன்று பேப்பரில் ஃபெயில். அடுத்த தடவை எழுதிவிட்டால் சரியாகிவிடும் என்று மார்க் ஷீட்டைக் கிழித்து அடுப்பில் போட்டார். அந்த அடுத்த தடவை வரவேயில்லை. பட்டம் மட்டும் ஒட்டிக்கொண்டது.

மகள் ஜனனியை அந்தப் பட்டத்தைக் காட்டித்தான் வளர்த்தார். "பகல்ல கம்பெனி, ராத்திரில புஸ்தகம்னு பி.ஏ. முடிச்சவன் நானு. உனக்கென்ன கண்ணு, உக்கார வெச்சுச் சோறு போடறோம்" என்பார். அந்தப் பெண்ணும் வாயைத் திறக்காமல் படித்து, பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கிவிட்டது. கவுன்சலிங்கில் கோயமுத்தூர்ப் பக்கம் இன்ஜினியரிங் காலேஜில் இடம் கிடைத்துவிடும் என்றார்கள். மயில்சாமி சீட்டுப் போட்டுச் சேர்த்த பணம் ஹாஸ்டலுக்கே சரியாகப் போகும். படிப்புக் கட்டணத்துக்கு இருந்த ஒரே வழி, முதல் பட்டதாரிச் சலுகை. அதற்குக் குடும்பத்தில் யாருமே பட்டம் வாங்கியிருக்கக் கூடாது. அந்தச் சான்றிதழ் இல்லையென்றால் ஜனனிக்குக் காலேஜ் இல்லை, கம்பெனியில் செக்கிங் டேபிள்தான்.

இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தார். விசாரிக்க வி.ஏ.ஓ. நேரிலேயே வந்துவிட்டார். தெருமுனையில் பேக்கரிக்காரர் பூபாலனிடம் வழி கேட்டிருக்கிறார்.

"பி.ஏ. மயில்சாமி ஊடுங்களா? வாங்க, நானே கூட்டியாறனுங்க" என்று பூபாலன் முன்னால் நடந்தார். "தங்கமான மனுசனுங்க. பி.ஏ. படிச்ச கர்வமே கெடையாதுங்க."

வி.ஏ.ஓ. மயில்சாமியை ஏற இறங்கப் பார்த்தார். "என்னங்க இது? ஊரே உங்கள பி.ஏ.ங்குது. நீங்க ஊட்டுல பட்டதாரியே இல்லைன்னு எழுதியிருக்கீங்க?"

"நான் பாஸ் பண்ணலீங்க சார். மூனு பேப்பர் போச்சுங்க."

"ஃபெயிலானதுக்கு ஏதாச்சும் ஆதாரம் இருக்குதுங்களா?"

பாஸானவனுக்குப் பட்டமளிப்பு விழா நடத்துகிற நாட்டில் ஃபெயிலானவனுக்கு யார் முத்திரை குத்திக் கொடுப்பார்கள்? யுனிவர்சிட்டிக்கு எழுதிப் போட்டு வாங்க மாசக்கணக்காகும். கவுன்சலிங்கோ அடுத்த வாரம். வாசலில் அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. "சத்தியமா நான் ஃபெயிலுங்க! கல்யாணப் பத்திரிக்கைல போட்டது பொய்யுங்க!" என்று மயில்சாமி கூட்டத்தைப் பார்த்தே கத்திவிட்டார். ஒருவரும் நம்பவில்லை. அவர் மனைவி சித்ரகலாவுக்குப் பெருமை தாங்கவில்லை. மகளுக்காக இந்த மனுஷன் வாங்கின பட்டத்தையே வேண்டாம் என்கிறாரே!

வி.ஏ.ஓ.வுக்கும் மனசு இளகியது. "சரி, இவரு பட்டதாரி இல்லைன்னு அக்கம்பக்கத்துல ரெண்டு பேரு எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

பூபாலன்தான் முதலில் வந்தார். "நான் சும்மா மரியாதைக்குச் சொன்னதுங்க சார்" என்றவர், பேனாவை வாங்கும்போது மயில்சாமியின் காதில், "பொம்பளப் புள்ள படிப்புக்குப் பொய் சொன்னாப் பாவமில்லீங்கண்ணா" என்றார். பக்கத்து வீட்டு டெய்லர் சிவராஜ் சாமிக்குப் பயந்தவர். கன்னத்தில் போட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டார். பொய்ச்சாட்சி சொல்கிறோம் என்ற பயத்தோடு இரண்டு பேர் உண்மைக்குச் சாட்சி சொன்னார்கள்.

பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடையாது என்பார்கள். மயில்சாமி மெய் சொன்னதற்கு, பூபாலன் கடையிலிருந்து ஒரு பெட்டி தேங்காய் பன் வந்தது. கம்பெனியில் முதலாளியே கூப்பிட்டுக் கை கொடுத்தார். இருந்த மரியாதை இரண்டு மடங்கானது. இவ்வளவு சத்தமாக உண்மையைச் சொல்லியும் அந்தப் பட்டத்தை அவரால் கழற்ற முடியவில்லை.

நாலு நாளில் சான்றிதழ் வந்தது. ஜனனி அதைக் கையில் வாங்கி நிதானமாகப் படித்துவிட்டு, அம்மா உள்ளே போகும்வரை காத்திருந்து கேட்டாள்.

"அப்பா, நெசமாலுமே நீங்க ஃபெயிலுங்களா?"

"ஆமா கண்ணு."

"மூனு பேப்பருமா?"

"மூனும்."

சிரிக்கப் போகிறாள் என்றுதான் மயில்சாமி நினைத்தார். சிரித்திருந்தால் அவரும் கூடச் சேர்ந்து சிரித்துத் தப்பித்திருப்பார். அவள் சிரிக்கவில்லை.

"ஒவ்வொரு பரீட்சைக்கும் முந்துன நாள் எனக்குச் சோறே எறங்காதுங்கப்பா. ஃபெயிலாயிட்டா உங்க மூஞ்சில எப்புடி முழிக்கறதுன்னு அத்தன பயமா இருக்கும்."

மயில்சாமிக்கு அழுகை வந்துவிட்டது. ரிசல்ட் வந்த வருஷம்கூட அவர் அழுததில்லை.