செம்பு வியாபாரியின் பவளம்

மாத்தளை டவுனில் என் தையல் கடைக்கு அடுத்த கடை இராசமாணிக்கம் அண்ணனுடைய பாத்திரக் கடை. முப்பது வருடமாகச் செம்பும் பித்தளையும் விற்கிறவர். பிளாஸ்டிக் என்றாலே முகத்தைச் சுளிப்பார். நான் தண்ணீர்ப் போத்தலோடு போனால் அதை வாசலில் வைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். அவ்வளவு வீம்பு.

அந்த மனுஷனுக்கு, மலைக்கு நடுவில் இருந்துகொண்டு, கடல் மேல் ஆசை. மேசையோரம் சின்னக் கண்ணாடித் தொட்டி, அதில் உப்புத் தண்ணீர், இரண்டு மீன், ஓர் இறால், சில நத்தைகள், பூப்போல விரிந்து சுருங்கும் ஓர் உயிர்ப் பவளம். கொழும்பில் வளர்ப்பு மீன் கடை வைத்திருக்கும் ஷிஹாம், தன் தொட்டியில் வளர்த்ததில் நகத்தளவு வெட்டிக் கொடுத்தது. இரண்டு வருடத்தில் உள்ளங்கை அளவுக்கு வளர்ந்திருந்தது. காலையில் அது விரிந்த பிறகுதான் அண்ணன் வாய் திறந்து வியாபாரம் பேசுவார்.

தைப்பொங்கல் கழிந்து அது விரியவில்லை. முதலில் நத்தைகள் செத்தன, பிறகு இறால். மீன்கள் மட்டும் ஜாலியாகச் சுற்றின. அண்ணன் உப்பை அளந்தார், அமோனியா பார்த்தார், நைட்ரேட் பார்த்தார். எல்லாம் சரி. சந்தேகத்துக்குத் தண்ணீரை மாற்றினார். மாற்ற மாற்றப் பவளம் சுருங்கியது. அவர் சோறும் குறைந்தது. எனக்கே பாவமாகிவிட்டது.

கடைசியில் ஷிஹாமுக்குப் போன் போட்டார். உப்பை எதில் கலக்குகிறீர்கள் என்று அவன் கேட்டான். பொங்கலுக்குக் கடை கழுவும்போது பழைய பீங்கான் ஜாடி உடைந்ததையும், இப்போது கடையிலேயே உயர்ந்த செம்பு அண்டாவில் கலப்பதையும் அண்ணன் பெருமையாகச் சொன்னார்.

"அண்ணே, உப்புத் தண்ணி செம்பக் கரைக்கும். மீன் கொஞ்சம் தாங்கும், பவளம் தாங்காது. பிளாஸ்டிக் வாளி ஒண்ணு எடுங்க."

அண்ணன் போனை வைத்துவிட்டு அண்டாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து எதிர்க் கடைக்குப் போய் ஒரு நீல வாளி வாங்கி, தெருவே பார்க்கத் தூக்கி வந்தார். நான் சிரித்தேன். அவர் கண்டுகொள்ளவில்லை. அன்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் மாற்றினார், மிச்சச் செம்பை இழுக்க வடிகட்டியில் கரி போட்டார்.

பன்னிரண்டாம் நாள் காலை பவளத்தின் ஓர் ஓரம் மட்டும் விரிந்தது. அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில், இரத்தோட்டையிலிருந்து வந்த ஓர் அம்மா செம்புக் குடத்தை எடுத்துக் காட்டி, இதில் தண்ணீர் வைத்தால் நல்லதா என்று கேட்டார்.

முப்பது வருடமாக அதற்கு அவரிடம் ஒரே பதில்தான். அன்றைக்குத் தொட்டியை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"நல்லதுங்க. குடிக்கப் போறது யாருங்க?"