விமானத்துக்கு வைத்த சந்தனப் பொட்டு

காலையில் புதுப் பற்பசையைப் பிதுக்கினேன். அந்தப் புதினா வாசம் மூக்கில் ஏறியதுதான் தாமதம், எனக்குப் பல் ஞாபகம் வரவில்லை. ஒரு விமானத்தின் கண்ணாடிதான் ஞாபகம் வந்தது. சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

ஊர்காவற்றுறையில் நாங்கள் புதுக்குடித்தனம் இருந்த காலம். வெளிநாட்டிலிருந்து இவருடைய தமையன் இரண்டு பெட்டி அனுப்பினார். உள்ளே சட்டையுமில்லை, சவர்க்காரமுமில்லை. ஒட்டிச் செய்கிற குட்டி விமானங்கள், துண்டு துண்டாக. முதல் விமானத்துக்கே எட்டு மாத ஞாயிற்றுக்கிழமைகள் போயின. என் சுண்டுவிரல் நகமளவு விமானியை உள்ளே இருத்தி, மேலே தெளிந்த பிளாஸ்ரிக் மூடியைக் கவிழ்த்து ஒட்டினார். அதைத்தான் கண்ணாடி என்போம். அதன் நடுவில் தலைமயிர் போல ஒரு கோடு. அச்சில் வார்க்கும்போதே விழுந்ததாம். "அது ஒண்டுதான் குறை. தேய்ச்சு எடுக்கலாமாம், எனக்குப் பயம்" என்பார்.

ஆயுத பூசை வந்தது. சைக்கிளுக்குப் பொட்டு, தையல் மெசினுக்குப் பொட்டு, தேங்காய் திருவலைக்கும் பொட்டு. வாகனமென்றால் முன்கண்ணாடிக்கு வைப்பதுதானே முறை? அம்பாளை நினைத்து, கல்லில் அரைத்த சந்தனத்தை விமானத்துக்கும் வைத்தேன்.

"அது எங்கையப்பா பறக்கப் போகுது?" என்று இவர் சிரித்தார்.

"பறக்காட்டிலும் வாகனம் வாகனம்தானே!"

மறுநாள் காய்ந்த சந்தனத்தைச் சேலைத் தலைப்பால் அழுத்தித் துடைத்தேன். சந்தனத்தோடு கல்லின் பொடியும் இருந்திருக்கிறது, யார் கண்டது? கண்ணாடி முழுக்கப் பூனை விறாண்டினாற்போல் கீறல். விமானியின் முகம் புகைக்குள் போய்விட்டது.

இவர் யாழ்ப்பாணம் போயிருந்தார். ஐந்து மணி பஸ்ஸில் வருவார். ஏசுகிற மனிதர் என்றால் ஏச்சோடு முடிந்துவிடும். இவர் ஏசமாட்டார். பேசாமல் இருப்பார், பிறகு விமானம் ஒட்டுகிற பசைப் போத்தலைத் திறக்கவும் மாட்டார். அதுதான் என் பயம்.

நான் அழுதது கேட்டு, மீன் வெட்டிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு மேரி அக்கா வேலியால் எட்டிப் பார்த்தார்.

"ஆரடி செத்தது?"

"பிளேன், அக்கா."

கதையைக் கேட்டதும், "பிளேனுக்குப் பொட்டு வைச்ச முதல் ஆள் நீதானடி!" என்று சிரித்துக்கொண்டே கையைக் கழுவி வந்துவிட்டார். அவர் வீட்டு மாதா சொரூபத்துக்கு இதேபோலப் பிளாஸ்ரிக் கூடு. ஒவ்வொரு திருநாளுக்கும் அதன் கீறல் எடுப்பது அவர்தான்.

"பெயின்ற் போகாமல் சுத்திவர செலோரேப் ஒட்டு. அமத்தாதை பிள்ளை, கோழிக்குஞ்சைத் தடவுற மாதிரி."

இவருடைய சாமான் பெட்டியிலிருந்த, மரம் தேய்க்கிற அரத்தாளில் ஆக மெல்லியதைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தேன். கண்ணாடி பால்போல வெளுத்தது.

"ஐயோ அக்கா, குருடாக்கிப்போட்டன்!"

"வெளுத்தாத்தான் கீறல் போகும். இனிப் பற்பசையைக் கொண்டுவா."

பழைய வேட்டித் துண்டில் பயறளவு பற்பசை. வட்டம் வட்டமாகத் தேய்த்தேன். அக்கா தன் மீனுக்குத் திரும்பிவிட்டார். நான் பிள்ளையாரைக் கூப்பிட, அவர் அங்கிருந்து மாதாவைக் கூப்பிட்டார். இருவருமே வந்திருக்க வேண்டும்.

"தெரியுதே?"

"இல்லையக்கா."

கொஞ்சம் பொறுத்து, "இப்ப தெரியுதே?"

முதலில் விமானியின் தொப்பி. பிறகு கண். பிறகு, என் பிள்ளையாரே, மூக்கு!

"தெரியுதக்கா! மூக்குத் தெரியுது!" நான் முற்றத்தில் துள்ளினேன். அவர் செதில் கையோடு கைதட்டினார்.

இவர் வந்ததும் உடுப்பும் மாற்றாமல் விமானத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இஞ்சாரும், அந்தக் கோடு எங்கை?"

கீறலோடு அச்சுக் கோட்டையும் தேய்த்துவிட்டிருக்கிறேன்! அளவுக்கு மிஞ்சித் திருத்தி அகப்பட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். அவர் பேசாமல் உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் இரண்டாவது பெட்டியின் கண்ணாடி, அதிலும் ஒரு கோடு.

"அப்ப இதையும் ஒருக்காத் தேயுமன்."

பிறகும் பெட்டிகள் வந்தன. இவர் ஒட்ட, நான் தேய்க்க, வேலிக்கு அப்பால் அக்கா "தெரியுதே?" என்று கேட்க, ஏழு விமானம் செய்தோம்.

தமையன் காலமான பிறகு பெட்டி வருவதில்லை. இவருக்கும் கை நடுங்குகிறது. வேலி இருந்த இடத்தில் மதில். மேரி அக்கா மகளோடு பிரான்சுக்குப் போய் அங்கேயே கண்மூடிவிட்டார். இன்று பற்பசையைக் கையில் வைத்துக்கொண்டு, இவருடைய பழைய கைக்கடிகாரத்தின் பிளாஸ்ரிக் கண்ணாடியைத் தேய்த்தேன். முள் தெளிவாகத் தெரிந்தது. "தெரியுதக்கா!" என்று வாய்வரை வந்துவிட்டது. தெரியுதே என்று கேட்க ஆளில்லாமல், அதை யாருக்குச் சொல்வது?