மாமனார் படம் விழுந்த கணக்கு

போன வாரம் மகள் புத்தகத்தோடு வந்து நின்றாள். "அப்பா, இந்த சம் வரல." இரண்டு கயிறுகளில் ஒரு படச்சட்டம் தொங்குகிறது, இழுவிசையைக் கண்டுபிடிக்க வேண்டும். எனக்கு உடனே ரோஜா மாலை வாசனை வந்தது. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

பல வருஷத்துக்கு முன்னால் சேலையூரில் ஒரு டியூஷன் சென்டரில் பிசிக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தேன். கேம்ப் ரோட்டை ஒட்டி வாடகை வீடு. மாமனார் தவறிய பிறகு மாமியார் எங்களோடு வந்துவிட்டார். என் மனைவி சுமதி அவருக்கு ஒரே பெண், வேறு யார் இருக்கிறார்கள்? மாமனாரின் தம்பிக்குத்தான் அது பிடிக்கவில்லை. அண்ணி செங்கல்பட்டு வீட்டிலேயே இருப்பதுதான் மரியாதையாம். அங்கே அவருக்குத் துணை ஒரு பம்ப் செட் மட்டும்தான்.

வருஷத் திதிக்காக மாமனார் படத்தைப் பெரிதாக்கி, தேக்குச் சட்டம் போட்டேன். நல்ல கனம். ஃப்ரேம் கடைக்காரர் பின்னால் கயிறு கட்டும்போதே சொன்னார்: "கொஞ்சம் லூசா வுட்டுக்கீறேன் சார். டைட்டாக்காத, அறுத்துக்கும்."

வீட்டில் மாட்டினால் சட்டத்துக்கு மேலே கயிறும் ஆணியும் முக்கோணமாகத் தெரிந்தன. எனக்கு அது அழகாகப் படவில்லை. அவிழ்த்து, நன்றாக இழுத்துக் கட்டினேன். ஆணி மறைந்துவிட்டது. அன்று காலைதான் முப்பது பிள்ளைகளுக்கு முன்னால், கயிறு படுக்கைவாட்டில் போகப் போக இழுவிசை ஏறும் என்று போர்டில் அம்புக்குறி போட்டு, விசையைச் செங்குத்தாகவும் கிடையாகவும் பகுத்துக் காட்டியிருந்தேன். முப்பது டிகிரி சாய்வில் கயிறு தாங்குவது படத்தின் எடை அளவுதான். ஐந்து டிகிரி என்றால் கிட்டத்தட்ட ஆறு மடங்கு. போர்டில் இருக்கிற கயிறு வேறு, வீட்டில் இருக்கிற கயிறு வேறு என்று நினைத்துவிட்டேன் போல.

திதியன்று சின்ன மாமனார் ஆளுயர ரோஜா மாலை கொண்டுவந்தார். போட்டார். நாலு பேர் கும்பிட்டு நிமிர்வதற்குள் கயிறு அறுந்து படம் கீழே. கண்ணாடி சில்லுச் சில்லாகக் கிடந்தது.

"அண்ணனுக்கு மனசு இல்ல," என்றார் அவர், மெதுவாக. "பொண்ணு வூட்ல நீங்க தங்கறது பிடிக்கல அண்ணி."

எல்லோரும் போன பிறகு, சாயங்காலம் மாமியார் பையை எடுத்துப் புடவைகளை அடுக்க ஆரம்பித்தார். சுமதி அழுதாள். எனக்கு ஒரு வழிதான் தெரிந்தது. படையலுக்கு வாங்கியதில் மிஞ்சிய இரண்டு தேங்காயை மஞ்சப்பையில் போட்டு, ஒரு கயிற்றின் நடுவில் கட்டி, இரண்டு முனைகளையும் அவர் கையில் கொடுத்தேன்.

"கையைச் சேத்து வச்சிப் பிடிங்க அத்தை. கனமா இருக்கா?"

"இல்ல."

"இப்போ ரெண்டு கையையும் விரிச்சிக்கினே போங்க. கயிறு நேரா வரணும்."

விரித்தார். பாதிக்கு மேல் கை விரியவில்லை. "இழுக்குது மாப்ள. அதே ரெண்டு தேங்காதானே?"

"அதேதான். படமும் அதனாலதான் விழுந்தது. நான்தான் இழுத்துக் கட்டினேன்."

"அவர் கோவிச்சிக்கல?"

"இல்ல அத்தை."

"கடைக்காரன் ஒண்ணும் சொல்லலையா?"

"சொன்னான்."

கயிற்றைக் கீழே வைத்தார். "நீங்கதான் புள்ளைங்களுக்கு இதைச் சொல்லித்தரீங்களா?" என்று கேட்டுவிட்டு, புடவைகளைத் திரும்ப அலமாரியில் வைத்தார். நான் படித்த படிப்பு குடும்பத்துக்கு உதவியது அந்த ஒரு தடவைதான். அதுவும் நான் முட்டாள் என்று நிரூபிக்க.

அத்தை கடைசிவரை, பதினோரு வருஷம், எங்களோடு இருந்தார். செங்கல்பட்டு வீடு இடிந்து மனையாகிவிட்டது. ஃப்ரேம் கடை இருந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிறார்கள். நாங்கள் மேடவாக்கத்தில் ஒன்பதாவது மாடிக்கு வந்துவிட்டோம். வீட்டுக்காரர் சுவரில் ஆணி அடிக்க விடுவதில்லை. அத்தை இப்போது சுமதியின் போன் திரையில் படமாக இருக்கிறார். யாராவது கூப்பிட்டால் மறைந்துவிடுகிறார்.