மர்மோட் வயலில் ஒரு சொல்

எமிலியானுஸ் பொய் சொல்லத் தெரியாத பிறவி. மன்னார்க்காரன், என்னைவிட ஆறு வயது இளையவன். பிரெஞ்சு பேசும் லொங்குய் நகரில், ஒரு மட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் இருவருக்கும் தற்காலிக வேலை. 2004 ஜூனில் எங்களில் ஒருவரைத்தான் நிரந்தரமாக்கப் போவதாக மேற்பார்வையாளர் நோர்மன் சொல்லியிருந்தார். எனக்குப் பிள்ளைகள் மூன்று. அவன் மனைவி மாக்கிரட் அப்போது ஏழு மாதம்.

அந்த மாதம் ஒரு சனிக்கிழமை நோர்மன் எங்களைத் தன் அண்ணனின் பண்ணைக்கு மர்மோட் சுட அழைத்துப் போனார். மர்மோட் பூனையைவிடப் பருத்த பிராணி. வயலில் வளை தோண்டும், ஆபத்தென்றால் நிமிர்ந்து நின்று விசிலடிக்கும். நிமிரும்போதுதான் சுட வேண்டுமாம். எமிலியானுஸ் ஐஸ் பெட்டியும் கத்தியும் கொண்டுவந்திருந்தான். மடுக்காட்டில் பன்றி சுட்ட குடும்பம் அல்லவா, வேட்டை என்றால் கறி என்று நினைத்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வந்தது.

முதல் வெடியிலேயே ஒன்றை விழுத்தினான். எடுக்கப் போனவனை நோர்மன் தடுத்தார். கிடக்கட்டும், காகம் தின்னும், அடுத்ததைச் சுடு என்றார். போன வாரம் சுட்டவை ஏழெட்டு அங்கே கிடந்து நாறின. இன்னொன்று நிமிர்ந்து விசிலடித்தது. எமிலியானுஸ் துவக்கைத் தாழ்த்தினான். நோர்மனின் முகம் இறுகியது. வளையில் குதிரையின் கால் முறிந்தால் யார் பொறுப்பு என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அவர் அண்ணனிடம் குதிரையே இல்லை.

எமிலியானுஸுக்குப் பிரெஞ்சு மட்டுமட்டு. என்னிடம் திரும்பினான்.

“அண்ணை, அவருக்குச் சொல்லுங்கோ. தின்னுறதுக்கு ஒண்டு காணும். சும்மா கொல்ல என்னாலை ஏலாது.”

நோர்மன் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். பிள்ளைகள் மூவரும் கண்ணுக்குள் வந்து நின்றார்கள்.

“இல் ஆ பேர்” என்றேன். அவனுக்குப் பயமாம்.

நோர்மன் வாய்விட்டுச் சிரித்தார். துவக்கு என் கைக்கு வந்தது. நான் நாலு சுட்டேன். கடைசி ஒன்று உடனே சாகவில்லை. இழுத்து இழுத்து வளைக்குத் திரும்பப் பார்த்தது. எமிலியானுஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

தான் சுட்டதை அவன் விடாமல் எடுத்து வந்தான். வீடு திரும்பும்போது மெட்ரோவில் ஐஸ் பெட்டி அவன் மடியில் இருந்தது. ரயில் ஆற்றுக்கு அடியில் போகும்போது கேட்டான்.

“அண்ணை, ‘பேர்’ எண்டால் பயம்தானே?”

“பேந்து கதைப்பம்” என்று பிறகுக்குத் தள்ளிப்போட்டேன்.

வேலை எனக்குக் கிடைத்தது. அவன் டோர்வல் விமான நிலையத்துக்குப் பொதி தூக்கப் போனான். எங்கள் ஆட்கள் நிறைந்த பார்க் எக்ஸ்டென்ஷன் கடைகளில் காணும்போதெல்லாம், “சுகமோ அண்ணை?” என்று கேட்கிறான். எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஓம் என்று மட்டும் சொல்கிறேன். அந்தப் ‘பேந்து’ இன்னும் வரவில்லை.