வாயால் சொன்ன நான்கு மில்லிமீட்டர்

படிப்பு முடிந்து ஜெர்மனியின் ஹம் நகர எல்லையில் இருந்த ஒரு தொழிற்சாலையில் பொறியாளராகச் சேர்ந்தபோது, எனக்கு முதலில் கிடைத்தது ஓர் இத்தாலியக் காரின் பின் இருக்கை. சிறிய குடும்பக் கார். இன்னும் தெருவுக்கு வரவில்லை. வடிவத்தை இத்தாலியில் வரைந்தார்கள். இருக்கையின் இரும்புச் சட்டத்தை நாங்கள் செய்தோம்.

இருக்கை எப்படி இருக்க வேண்டும் என்று முதல் நாளே எழுதி வைத்தேன். ஒரு கையால் மடங்க வேண்டும். எடை குறைய வேண்டும். விலை அதைவிடக் குறைய வேண்டும். திடீரென்று கார் நின்றால், பின்னால் இருக்கும் சூட்கேஸ் பிள்ளைகளின் முதுகில் பாயக் கூடாது. கடைசி வரிக்குப் பொறுப்பு, சாய்மானத்தின் இரு ஓரங்களிலும் இருந்த உள்ளங்கை அளவுத் தாழ்ப்பாள்கள்.

மாதிரிகளைச் செய்யும் பட்டறையில் இரும்பை ஒட்டும் வெல்டிங் வேலை பார்த்தவர் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர். அந்தத் தொழிற்சாலையில் தமிழர் நாங்கள் இருவர்தான். என் அப்பா அம்மாவும் அந்த ஊர்தான் என்று அறிந்த நாளிலிருந்து நான் அவருக்குப் பிள்ளை, அவர் எனக்கு அண்ணை. போரால் யாழ்ப்பாணத்துத் தரைப்பாதை மறுபடி மூடப்பட்ட ஆண்டு அது. விசாவுக்காகக் கொழும்புக்கு வந்த அவருடைய மனைவியும் ஏழு வயது மகளும் ஊர் திரும்ப வழியில்லாமல் ஒரு லொட்ஜில் இருந்தார்கள். இங்கே அவருடைய இரண்டு வருட ஒப்பந்தம் அந்த மாதக் கடைசியில் முடிய இருந்தது. அது நிரந்தரமானால் அவர்களை அழைக்கலாம். நிரந்தர வேலைக்கான கடிதம் இல்லாமல் விண்ணப்பம் நகராது.

"பொலிஸ் கிழமைக்கு ஒருக்கா வந்து ஏன் நிக்கிறியள் எண்டு கேக்குதாம்," என்றார் ஒருநாள். "மனுசன் ஜெர்மனியில கார் செய்யிறார் எண்டு இவள் சொல்லியிருக்கிறாள். அப்ப ஒரு காரை அனுப்பச் சொல்லு, ஏறிப் போங்கோ எண்டானாம்."

பட்டறையின் விதி எளிது. எந்த மாற்றமும் தாளில் வர வேண்டும். தாளில் பொறியாளரின் கையொப்பமும் முத்திரையும் இருக்க வேண்டும். ஜெர்மன் பொறியாளர்கள் அவசரமாக வந்து எதையாவது சொன்னால் அண்ணை கையை நீட்டுவார்: "தாள்?" என்னிடம் அவர் கை நீட்டியதில்லை. எங்கட பிள்ளையிடம் கையெழுத்துக் கேட்பது அவளைச் சந்தேகிப்பது போல என்று நினைத்தார். எனக்கும் அது பெருமையாக இருந்தது. அதையும் ஒரு பிழையாக எழுதி வைத்திருக்க வேண்டும்.

இத்தாலியில் கூரையின் பின்பக்கச் சரிவை இன்னும் தாழ்த்தினார்கள். பார்க்க அழகாக இருந்தது. ஆனால் பின் தூண் உள்ளே தடித்தது. தாழ்ப்பாள் கவ்வும் கம்பி வளையத்தை முன்னே நகர்த்த வேண்டி வந்தது. அந்தக் காலை பட்டறையைக் கடக்கும்போது சொன்னேன்.

"அண்ணை, வளையம் நாலு மில்லிமீட்டர் முன்னுக்கு. ரெண்டு பக்கமும்."

"ஓம் பிள்ளை. பின்னேரத்துக்குள்ள ஒட்டிப் போடுறன்."

மதியம் திருத்தம் வந்தது: நான்கு இல்லை, ஆறு. என் கணினியில் இருந்த வேலைப் பட்டியலில் எண்ணை மாற்றினேன். அந்த வரிக்குப் பச்சை நிறம் கொடுத்தேன். பட்டறைக்குப் போகவில்லை. எழுதியதும் சொன்னதாகிவிட்டது என்று எனக்குள் ஏதோ நினைத்துக்கொண்டது.

அடுத்த வாரம் இத்தாலியிலிருந்து நான்கு பேர் வந்தார்கள். சாய்மானத்தை அடித்து மூடியபோது சரியான சத்தம் கேட்டது. ஆனால் தாழ்ப்பாள் வளையத்தை அரைகுறையாகத்தான் கவ்வியிருந்தது. சூட்கேசுக்குப் பதிலாக இரண்டு கனமான பெட்டிகளை வைத்து மாதிரி வண்டியை ஓட விட்டுத் திடீரென்று நிறுத்தினார்கள். சாய்மானம் திறந்து விழுந்தது. ஒரு பெட்டி முன் இருக்கையின் முதுகில் போய் நின்றது. நடுவில் பிள்ளைகள் உட்காரும் இடம். வந்தவர்களில் ஒருவர் குனிந்து வளையத்தை அளந்தார்: நான்குதான் நகர்ந்திருந்தது.

கூட்டத்தில் என் மேலாளர் ஒரே கேள்வி கேட்டார்: "நான்கு என்று சொல்லும் தாள் எங்கே?"

"தாள் இல்லை," என்றார் அண்ணை.

"யார் சொன்னது?"

அவர் என் பக்கம் பார்க்கவில்லை. "கூடத்தில் யாரோ பேசினார்கள். கேட்டுச் செய்தேன்."

நான் வாய் திறக்கவில்லை. பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்து கேட்டேன்: "ஏன் அண்ணை அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"உமக்கு வேலையில இன்னும் சோதனைக்காலம் முடியேல்லை. ஒரு சொல்லில வீட்டை அனுப்பிப் போடுவாங்கள். என்னை ஏசுவாங்கள், அவ்வளவுதான். ரெண்டு வருசமா ஒரு பிழை விடேல்லை நான்."

அவர் கணக்கு தவறிவிட்டது. தாளில்லாமல் ஒட்டியவரை நிரந்தரமாக்க முடியாது என்று மூன்றாம் நாள் அறிவித்தார்கள். அன்றுதான் நான் மேலாளரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அண்ணை விஷயத்தில் எதுவும் மாறவில்லை. "நீங்கள் சொன்னது உங்கள் பிழை. தாள் கேட்காதது அவர் பிழை," என்றார். வாரக் கடைசிக்குள் வளையம் ஆறில் ஒட்டப்பட்டது. இருக்கை சோதனையில் தேறியது.

மாதம் முடிந்த சனிக்கிழமை அண்ணை என்னை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த தொலைபேசிக் கடைக்கு வரச் சொன்னார்.

"நீரே மனுசிக்குச் சொல்லும் பிள்ளை. நான் சொன்னா நம்பமாட்டாள். இஞ்ச ஒருத்தியை வச்சிருக்கிறன், அதுதான் கூப்பிடுறனில்லை எண்டு நினைக்கிறாள்."

"ஒரு பொம்பிளை கதைச்சா இன்னும் நினைக்கமாட்டாவோ?"

சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் இருவரும் நெருக்கி நின்றோம். நான் ஒழுங்கு தவறாமல் சொன்னேன்: கூரை, வளையம், நான்கு, ஆறு, நான் போய்ச் சொல்லாதது, கூட்டத்தில் பேசாமல் இருந்தது. அந்தப் பக்கம் ஒரு மின்விசிறி கடகடத்துக்கொண்டிருந்தது.

"அப்ப உம்மட வேலை இருக்குதோ?" என்றார் அவர் மனைவி.

"ஓம் அக்கா."

"சரி. அவரிட்டக் குடும்."

ரிசீவரைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். கதவு சரியாகச் சாத்தவில்லை. அண்ணை முதுகைக் காட்டி நின்று பேசிக்கொண்டிருந்தார்.

"இஞ்சரும்... அழாதையும். இல்லை, லொட்ஜில இனி இருக்க ஏலாது. எத்தினை நாளைக்கு இருப்பியள்? இப்ப யாழ்ப்பாணத்துக்குக் கப்பல் விடுறாங்களாம், அதுக்குப் பேரைப் பதியும். பிள்ளையின்ர பேரையும் பதியும். ஓம். சண்டைதான். தெரியும். பதியும்."