சேற்றின் மேல் விதைத்த புல்

அந்தக் கிடாயைத் தெய்வம் எடுத்துக்கொள்ளவில்லை. நான்தான் கொன்றேன்... உங்களிடம் சொல்லிவிட்டேன். பாவாயி அக்காவிடம் சொல்ல இன்னும் வாய் வரவில்லை.

சேந்தமங்கலம் பக்கம் ஒரு கல்குவாரியில் நான் சூப்பர்வைசர். கல் தீர்ந்தது. குழியை நிரப்பி, மண் போட்டு, பழையபடி மேய்ச்சல் காடாக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. விழுந்ததா? இல்லை, ஆசையாய்க் கேட்டு வாங்கினேன்! காலமெல்லாம் பாறைக்கு வெடி வைத்த கை. அந்தக் கையால் புல் வளர்த்துப் பார்க்கவேண்டும் என்று ஒரு பித்து.

கண்ணை மூடினால் புல். கொல்லிமலையிலிருந்து இறங்கும் பனி குழியை நிரப்பி நிற்கும் காலைகளில், அந்த வெண்மைக்கு அடியில் கொழுக்கட்டைப் புல் அசைவதுபோலவே இருக்கும். ஒரு விதைகூட அப்போது விழுந்திருக்கவில்லை. பைத்தியந்தான், வேறென்ன!

குழியின் ஒரு மூலையில், கல்லைப் பொடித்து எடுக்கும் எம்-சாண்ட் மணலைக் கழுவிய சேறு குட்டையாய்த் தேங்கியிருந்தது. மோசக்காரச் சேறு அது. மேலே காய்ந்து வெடித்திருக்கும். உள்ளே கூழாகவே கிடக்கும். அதை அள்ளிவிட்டுக் கல்லைக் கொட்டித்தான் நிரப்பவேண்டும். எனக்குத் தெரியாதா? தெரியும்... நன்றாகவே தெரியும். ஆனால் வானம் கறுத்துவிட்டது. அந்த மழையை விட்டால் புல்லுக்கு இன்னும் ஒரு வருடம்! கரையில் நின்றபடியே அதன்மேல் மண்ணைத் தள்ளி மூடச் சொன்னேன். விதையையும் தூவினேன்.

புல் வந்தது. மற்ற இடத்தைவிட அந்த மூலையில்தான் கரும்பச்சையாய் வந்தது. அடியில் ஈரம் அல்லவா... பார்த்துப் பார்த்துச் சொக்கிப்போவேன். கரையில் நின்றுதான். கால் வைக்க மட்டும் நான் துணிந்ததே இல்லை.

பாவாயி அக்காவின் ஆடுகள் அந்தக் காட்டை நம்பிப் பிழைத்தவை. குவாரி வந்தபின் ரோட்டோரத்தில் மேய்த்துக் காலம் தள்ளியவர். புல்லைக் கண்டதும் அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே! காட்டில் முதல் வாய் சாமிக்கு நேர்ந்துவிட்ட கிடாய்தான் வைக்கவேண்டும் என்பது அவர் வீட்டு வழக்கம். மஞ்சள் தண்ணீர் தெளித்து, மாலை போட்டு, கயிற்றை அவிழ்த்துவிட்டார்.

அது நேரே அந்தக் கரும்பச்சைக்குப் போனது. ஒரு வாய் கடித்தது. முன்னங்கால் உள்ளே போயிற்று... உதற உதற இறங்கியது. நான் கயிறு எடுத்து ஓடி வருவதற்குள் மாலை மட்டும் மேலே கிடந்தது. புல் காற்றில் அசைந்துகொண்டே இருந்தது.

கதறுவார் என்று நினைத்தேன். அவரோ கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஊட்டுக்காரரு தவறிட்டாருன்னு போன வருசம் கிடா வெட்டாம தள்ளிப் போட்டேனுங்க தம்பி. சாமி அதுவே வந்து எடுத்துக்கிச்சு. என் குத்தந்தானுங்க!"

அடியில் சேறு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது...

"இருக்குமுங்க அக்கா," என்றேன். பாவி!

அந்த மூலைக்கு முள்கம்பி கட்டினேன். மற்றதெல்லாம் கெட்டித் தரை. நானே நடந்து பார்த்திருக்கிறேன். ஆனால் சாமி கோபம் தணியாமல் ஒரு குட்டியைக்கூட உள்ளே விடமாட்டேன் என்கிறார் அக்கா. புல் முழங்கால் உயரம் நின்று, விதை உதிர்த்து, வீணாய்க் காய்கிறது. அவர் ஆடுகள் ரோட்டோரத்தில் போஸ்டர் தின்கின்றன. போன மாதம் ஒன்று டிப்பர் லாரியில் அடிபட்டுச் செத்தது. அதற்கும் தன் குற்றந்தான் காரணமாம்!

எனக்கு இப்போதும் அந்தப் புல் கனவில் வருகிறது. மாலையோடு கிடாய் மேய்கிறது. நான் அதை நோக்கி நடக்கிறேன், தரை தாங்குகிறது... எவ்வளவு சுகமாய்த் தாங்குகிறது!

நேற்றுக் காலை பனிக்குள்ளிருந்து அக்கா வந்து நின்றார். பின்னால் ஆடுகள்.

"ஏனுங்க தம்பி, நீங்க வளத்த காடு. சாமி மனசு எறங்கியிருக்குங்களா? ஆட்ட உள்ள உடட்டுங்களா?"

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. உள்ளே விடுங்கள் என்றால், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாரே... என்ன பதில் சொல்வேன்?

"இன்னொரு மழை பாத்துக்கலாங்க அக்கா," என்றேன்.

"சரிங்க தம்பி. நீங்க சொன்னாச் சரி."

கம்பிக்கு அப்பால் நின்ற புல்லைக் கும்பிட்டுவிட்டு, ஆடுகளை ரோட்டுப் பக்கம் திருப்பினார்.