டார்க்கில் வைத்துவிட்டுப் போன ராசிக்காசு

ஆடு வளர்த்து விற்ற டார்க்கில் என்பவன் சாகும்போது இருபது பவுண்டு கடன் வைத்துவிட்டுப் போனான். வங்கிக்கோ கடைக்காரனுக்கோ அல்ல. ஆட்டு வியாபாரி ஸ்வான்சன் கிழவருக்கு.

ஸ்காட்லாந்தின் வடகரையில் ஆடு விற்றவன், வாங்கியவன் கையில் கொஞ்சம் காசைத் திருப்பி வைக்க வேண்டும். அதுதான் ராசிக்காசு. எந்தச் சீட்டிலும் அதை எழுதுவதில்லை. ஆனால் கொடுக்காமல் சந்தையை விட்டுப் போனவனும் இல்லை, டார்க்கில் ஒருவனைத் தவிர. போன இலையுதிர் காலத்தில் அவனுடைய குட்டிகளை வாங்கிய ஸ்வான்சன் வலது கையை நீட்டிக்கொண்டு நிற்க, டார்க்கில் இருபது பவுண்டை எடுத்தான். அப்போது பக்கத்தில் நின்ற லாரிக்காரன் ஃபின்லே குறுக்கே புகுந்தான்.

"டேய், முதல்ல என் வண்டி வாடகை. ராசியெல்லாம் அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டார்க்கில் சிரித்து மழுப்பி, காசை ஃபின்லேயிடம் கொடுத்தான். கிழவரின் கை சற்று நேரம் அந்தரத்தில் நின்றுவிட்டுக் கோட்டுப் பைக்குள் போனது. அடுத்த மாதமே, சிங்கிறால் கூண்டுகளைத் தூக்கப் போன டார்க்கிலைக் கடல் எடுத்துக்கொண்டது. படகு ஒரு கீறல் இல்லாமல் கரை ஒதுங்கியது.

ஃபின்லே லேசுப்பட்ட ஆள் அல்ல. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். அடுத்தவன் நிலத்தில் அடுப்பெரிக்கச் சதுப்பு மண்கட்டி வெட்டிச் சுமந்து, காசு சேர்த்து, ஓட்டை லாரி ஒன்றை வாங்கி, இன்று மூன்று லாரிக்கு முதலாளி. ஒரு வண்டிக்கு மட்டுமே இடமிருக்கும் அந்தக் கடலோரச் சாலையில், மூடுபனியில், பின்னால் ஆடுகள் முட்டிமோத, ஒரு சக்கரம்கூடச் சரிவில் இறங்காமல் ஓட்டியவன் அவன் ஒருவன்தான். அதை அவனே எல்லோரிடமும் சொல்வான். சொன்னதில் பொய் இல்லை. எவனிடமும் கடன் கேட்டு நின்றதில்லை, எவனையும் தனக்குக் கடன் சொல்ல விட்டதுமில்லை.

இந்த வருடமும் டார்க்கில் வீட்டு ஆட்டுக்குட்டிகளைச் சந்தைக்கு ஏற்ற வந்தான். டார்க்கிலின் மனைவி இனா, சாவுக்குப் போட்ட அதே கறுப்புக் கோட்டோடு லாரியின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"நீ எதுக்கு? நான் வித்துட்டு வந்து காசக் குடுக்கப்போறேன். பயமா இருக்கா என்மேல?"

"ஸ்வான்சன் கையில இருபது பவுண்டு வெக்கணும்."

"தாராளமா வையி."

"நான் இல்ல ஃபின்லே. நீ வெக்கணும். அது உன் பையிலதான போச்சு?"

அவன் வண்டியைக் கிளப்பினான்.

சாலை கடல்கழியைச் சுற்றி வளைந்து போயிற்று. பெரணிச் செடிகள் துருப்பிடித்த தகரம்போல் மலை முழுக்கக் காய்ந்து கிடந்தன. மேலே எங்கோ ஒரு கலைமான் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது. கடல் தெரிந்த இடங்களிலெல்லாம் இனா முகத்தை மலைப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"யூவன் திங்கக்கிழம கடலுக்குப் போறான்" என்றாள். யூவன் அவளுடைய ஒரே மகன். "அவங்க அப்பா படகுலதான். புதுசா பெயின்ட் அடிச்சு வெச்சிருக்கான்."

"போகட்டுமே. ஆம்பளப் புள்ள."

"இந்தக் கடன் தீராம அவன் போகக் கூடாது. சொன்னா கேக்க மாட்டேங்கிறான். அப்ப நான்தான தீர்க்கணும்?"

"கடலுக்குக் கணக்குத் தெரியுமா இனா? டார்க்கில் உயிர்காப்பு அங்கி போடல. அதான் செத்தான். ராசி, கீசின்னு... நான் ராசியிலயா மூணு லாரி வாங்கினேன்? இந்தக் கையால வாங்கினேன்!"

இனா லாரியின் முகப்பில் கைவைத்தாள். கண்ணாடிக்குக் கீழே பழைய நாணயம் ஒன்று பசை போட்டு ஒட்டப்பட்டிருந்தது. முதல் லாரியை விற்றவன் ஃபின்லேக்குத் திருப்பிக் கொடுத்த ராசிக்காசு அது. லாரி மாறும்போதெல்லாம் அதைப் பெயர்த்து அடுத்ததில் ஒட்டினான்.

"அப்ப இது என்ன, அழகுக்கா?"

அவன் முகம் சிவந்தது. ஆக்சிலேட்டரை மிதித்தான்; பின்னால் ஆடுகள் சரிந்து மோதின.

வெள்ளை மணல் வளைகுடாவுக்கு மேலே சாலையை அடைத்துக்கொண்டு ஒரு சுற்றுலா வேன் நின்றது. ஃபின்லே ஹாரன் அடித்தான். நீல மழைக்கோட்டு போட்ட ஒருவன் சிரித்துக்கொண்டே ஓடி வந்தான்.

"ஐயா, ஒரே ஒரு போட்டோ! பின்னாடி அந்தக் கடல் முழுசா வரணும். என்ன அழகு, என்ன அழகு! நீங்கல்லாம் குடுத்து வெச்சவங்க!"

படம் எடுக்காமல் வேன் நகராது. ஃபின்லே இறங்கினான். கேமராவுக்குள் பார்த்தான், சிரிக்கும் புருஷன் பெண்டாட்டி, அவர்களுக்குப் பின்னால் மணல். டார்க்கிலின் உடல் பல நாள் கழித்துக் கரை ஒதுங்கியது அங்கேதான். நாய் ஒன்று மோப்பம் பிடித்துக் கண்டுபிடித்தது. அடையாளம் சொல்ல ஃபின்லேதான் வந்தான். முகம் இல்லை, கம்பளிச் சட்டையின் பின்னலை வைத்துத்தான் சொன்னான்.

பொத்தானை அழுத்தினான். படம் எப்படி விழுந்ததோ தெரியாது.

லாரிக்குத் திரும்பியபோது இனா கண்ணை மூடியிருந்தாள். "இங்கயா?" என்று மட்டும் கேட்டாள்.

"இங்கதான்."

அதன் பிறகு சந்தை வரை ஃபின்லே பெருமை ஒன்றும் பேசவில்லை.

சந்தையில் விலை படுமோசம். வாங்கியவன் ஸ்வான்சனின் மருமகன். இந்த வருடத்து ராசிக்காசை இனா தன் கையால் அவனுக்குக் கொடுத்துவிட்டு, "மாமா வரலையா?" என்று கேட்டாள்.

"மாமாவா? கோடையிலயே வாதத்துல ஒரு பக்கம் விழுந்துடுச்சு. வீட்டுலதான் கிடக்காரு."

கல்வேலி போட்ட தட்டை நிலத்தில், மரம் ஒன்றுகூட இல்லாத காற்றில், தனியாக நின்றது அந்த வீடு. சந்தையிலிருந்து ஃபின்லேதான் லாரியை அங்கே திருப்பினான். கிழவர் ஜன்னலோரம் சாய்ந்திருந்தார். வலது கை போர்வை மேல் கோழிக்கால் போல முறுக்கிக் கிடந்தது.

"யாரு, லாரிக்காரனா?" பாதி வாயால் கேட்டார். "வாடகை வாங்க வந்தியா? என்கிட்ட ஒண்ணும் இல்லடா."

"டார்க்கிலோட ராசிக்காசு, பெரியவரே. கொண்டாந்திருக்கேன்."

"நல்லா வந்துச்சு போ, உன் ராசி! அவன் குட்டியில பாதி பனியில செத்துச்சு. இப்ப நானும் பாதி செத்துட்டேன்." சிரித்தாரா இருமினாரா தெரியவில்லை. நன்றாக இருந்த இடது கையை நீட்டினார். "குடு."

"அந்தக் கை வேணாம்" என்றாள் இனா வாசற்படியிலிருந்து. "அன்னிக்கு நீட்டின கையில வெக்கணும்."

"அது செத்த கைம்மா."

"தெரியும்."

ஃபின்லே அவளைப் பார்த்தான். அவள் கண்ணில் கெஞ்சல் இல்லை, கோபமும் இல்லை; திங்கட்கிழமை மட்டும்தான் இருந்தது. அவன் நாற்காலி முன்னால் மண்டியிட்டான். யார் முன்னாலும் மடங்காத முழங்கால் கல்தரையில் இடித்தது. குளிர்ந்து மடங்கிக் கிடந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். விட்டால் உடனே சுருண்டன. இடது கையால் அவற்றை அழுத்தி விரித்துப் பிடித்துக்கொண்டு, வலது கையால் பையைத் துழாவினான்.

"அஞ்சு" என்று ஒரு தாளை வைத்தான். "பத்து. பதினஞ்சு."

கடைசித் தாளை அந்த உள்ளங்கையில் வைத்து, தன் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தான்.

"இருபது."